பரங்கி இலையில் ஒரு வெள்ளைக் கோடு

என் மனைவிக்குப் படம் வரையத் தெரியும் என்பதை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தனியாகப் பார்த்திருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். பக்கத்தில் எங்கள் கம்பெனி எச்.ஆர். மேடம் நின்றுகொண்டிருந்தார். அவர் வந்தது என் படத்தைத் தேர்ந்தெடுக்க.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் எவ்வளவு நியாயமானது என்று உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஒரகடத்தில் வேலை. கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். லைனில் வரும் இரும்புத் துண்டை எடுத்து, வெர்னியர் வைத்து அளந்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். வீடு பிள்ளைப்பாக்கம் பக்கம். வீட்டுக்குப் பின்னால் விற்காமல் விட்ட ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் என் மனைவி கத்திரி, வெண்டை, புடலை, பரங்கி என்று போட்டு வைத்திருக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிடங்கின் தகரச் சுவர். பரங்கிக்கொடி அதன்மேலும் ஏறிவிட்டது. கிடங்குக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. காய்த்ததும் ஒன்றை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் காய்களை வரைவது என் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று அடக்கமாகச் சொல்கிறேன். கம்பெனியில் என்னை 'ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்காவது பிறந்தநாள் வந்தாலும், யாராவது ஓய்வு பெற்றாலும், என் கத்திரிக்காய் ஒன்று சட்டம் போட்டுப் போகும். என் முறையே தனி. தோட்டத்தில் இருப்பதிலேயே நல்ல காயாகப் பார்த்துப் பறிப்பேன். கழுவித் துடைத்து மேஜையில் வைத்து, மேலே விளக்கைப் போட்டு, வெர்னியரால் அளப்பேன். காம்பின் விட்டம், கழுத்தின் விட்டம், வயிற்றின் விட்டம். சிரிக்காதீர்கள். என் படத்தைப் பார்த்து வார்ப்பு அச்சு செய்தால் அதே கத்திரிக்காய் அச்சு அசலாக வந்து விழும். பூச்சி அரித்தது, கோணியது, வெயிலில் வெளுத்தது எதுவும் என் மேஜைக்கு வராது. ரிஜெக்ட்.

இதற்கிடையில் எங்கள் லைனுக்கு ஒரு கேமரா வந்தது. இரும்புத் துண்டு அதன் அடியில் போகும்போதே அளந்து, சரி தவறு சொல்லிவிடுகிறது. அதற்கு டீ வேண்டாம், ஓ.டி. வேண்டாம், முழங்கால் வலிக்காது. நான் அதன் பக்கத்தில் நின்று அது சொல்வதற்குத் தலையாட்டுகிறேன். அதற்குக் கத்திரிக்காய் வரையத் தெரியாது. என் தைரியமெல்லாம் அந்த ஒன்றில்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் புது கேண்டீன் கட்டினார்கள். அதன் வாசல் சுவரில், தரையிலிருந்து கூரைவரை, காய்கறிப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து வைக்க வேண்டும், அதுவும் நம் ஆட்கள் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்று பிளான்ட் ஹெட்டுக்கு ஆசை வந்தது. எச்.ஆர். மேடம் லைனுக்கே வந்து, "வேற யாரு சார் இருக்காங்க, உங்க படம்தான்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னேன். முடிவெட்டும் கடையில், தலையைக் குனிந்தபடியே சொன்னேன். உறவுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யார் செத்தாலும் பதில் போடாத மறைமலை நகர் மச்சான்கூடக் கட்டைவிரல் காட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடம் வீட்டுக்கு வந்தார். படங்களைக் கூடத்தில் வரிசையாகச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். நிதானமாகப் பார்த்தார். ஊதா நிற நீளக் கத்திரிக்காய் ஒன்றைக் காட்டி, "இதுவே எடுத்துக்கலாம் சார்" என்றார். அதோடு கிளம்பியிருக்கலாம். கை கழுவ அடுப்படிப் பக்கம் போனார். போனவர் திரும்பி வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். கதவில் காந்தத்தால் ஒட்டிய ஒரு தாள். தாளில் ஒரு பரங்கி இலை, பக்கத்தில் மூட ஆரம்பித்த ஒரு மஞ்சள் பூ, பூவின் விளிம்பில் ஓர் எறும்பு. இலை நல்ல இலை இல்லை. ஓரம் கிழிந்திருந்தது. நடுவில், இலைக்குள்ளேயே புழு ஒன்று தின்றுகொண்டே போன பாதை, வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஓடியது. நானாக இருந்தால் அந்த இலையைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அந்தக் கோடு, என்ன சொல்ல, இலைக்குள் வெளிச்சம் போட்டதுபோல் இருந்தது.

"சார், இதுவும் நீங்க வரைஞ்சதா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மேடம். காயட்டும்னு அங்க ஒட்டி வெச்சேன்."

"நீயா? எப்போ?" என்றேன்.

"நீ கம்பெனி பஸ்ஸு ஏறினதும். வெயில் ஏறினா பூ மூடிக்கும். ஆர்ட்டிஸ்ட்டு ஷிப்ட் முடிஞ்சி வரட்டும்னு காத்துக்கினு இருக்குமா?"

மேடம் சிரித்தார். என் மனைவி அவர் பக்கம் திரும்பி, "காலேஜ்ல பாட்டனி மேடம். ரெக்கார்டு படமெல்லாம் பாதி கிளாஸுக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றாள்.

பெண் பார்க்கப் போனபோது பி.எஸ்.சி. பாட்டனி என்று சொன்னார்கள். நான் பஜ்ஜி தின்றுகொண்டே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டனி எங்கே போனது என்று நான் விசாரிக்கவில்லை. அது கொல்லைப்புறத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது.

மேடம், "சார், இதையும் பிளான்ட் ஹெட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னை. நான் மனைவியைப் பார்த்தேன். 'ஐயோ, அதெல்லாம் வேணாம், அவரோடதே போடுங்க' என்று சொல்வாள் என்று முழு நம்பிக்கையோடு பார்த்தேன்.

அவள், "எவ்ளோ பெருசா போடுவீங்க மேடம்?" என்றாள்.

இரண்டு படங்களையும் போனில் பிடித்துக்கொண்டு போனார். ஒரு வாரத்துக்குள் முடிவு தெரியும் என்றார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. எங்கள் மாடியறையில் தென்காசிப் பக்கத்துப் பெண்ணொருத்தி வாடகைக்கு இருக்கிறாள்; செல்போன் கம்பெனியில் வேலை. தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கி வந்தவள், "அண்ணாச்சி, அக்கா வரைஞ்ச படத்தப் பாத்தியளா? அந்தப் பூவத் தொட்டா கையில மஞ்சத்தூள் ஒட்டிரும் போல இருக்கு!" என்றாள்.

"பாத்தேன் பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். "உங்க கத்திரிக்காயும் நல்லாத்தான் அண்ணாச்சி இருக்கு. அப்படியே கடையில வாங்குன மாதிரியே இருக்கு" என்று ஆறுதல் சொல்லிவிட்டு மேலே போனாள். அந்த ஆறுதலைத் தாங்க முடியாமல் மறுநாள் கம்பெனி மருத்துவ அறைக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். நர்ஸ் பட்டையை இறுக்கிவிட்டு, "ஏறியிருக்கே சார். வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். பரங்கிப்பூ என்று எப்படிச் சொல்வது? "உப்பு ஜாஸ்தி" என்றேன்.

என்னை அரித்தது அந்த வெள்ளைக் கோடுதான். பூவை விட்டுவிடலாம், எறும்பையும் விட்டுவிடலாம். அத்தனை அடர்ந்த பச்சைக்கு நடுவில் அவ்வளவு மெல்லிய வெள்ளையை அவள் எப்படிக் கொண்டுவந்தாள்? வெள்ளைச் சாயத்தை மேலே பூசிப் பார்த்தேன். இலைமேல் யாரோ பற்பசையைப் பிதுக்கியதுபோல் இருந்தது. கோட்டை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் பச்சை அடித்துப் பார்த்தேன். கோடு ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் காணாமலே போனது. அவளையே கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்கள் நல்லவர்கள்.

நான் லீவு போட்டேன். வயிற்றுவலி என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்து, அவள் பின்பக்கம் போனதும் எழுந்து ஜன்னலோரம் ஒளிந்துகொண்டேன். அரை ஆயுசு கடந்தவன் சொந்தப் பெண்டாட்டியைச் சொந்த வீட்டு ஜன்னல் வழியே வேவு பார்க்கும் காட்சியை வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் வேறு எதையோ நினைத்திருப்பார்கள். அதுவே பரவாயில்லை.

அவள் கொடிக்குப் பக்கத்தில் பக்கெட்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பரீட்சை அட்டை. எதையும் பறிக்கவில்லை. வெகு நேரம் இலையையே பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்துத் தாளில் மெல்ல இழுத்தாள். தாளில் ஒன்றுமே விழவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நான் சந்தோஷப்படத் தொடங்கியபோது, தூரிகையை நனைத்துப் பச்சையை எடுத்து அந்த இடத்தில் ஒரே வீச்சாகப் பரப்பினாள். பச்சை விலகி விலகி ஓடியது. நடுவில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து தானாக எழுந்தது.

மெழுகுவர்த்தி! கரண்ட் போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியின் அடிக்கட்டை. மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர்ச் சாயம் ஒட்டாது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே அதே உடம்பு எரிந்தது. இத்தனை வருஷம் வரைகிறேன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம், அந்த மெழுகுக் கட்டையைத் தேடி எடுத்து, அவள் விட்டுவைத்த அதே இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுத்தி இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. பச்சை பூசியதும் இலை முழுக்கத் தேமல் வந்ததுபோல் ஆனது. இன்னொரு தாள். அதற்குச் சொறி சிரங்கு. மூன்றாவதை எடுக்கும்போது பின்னால் பை வைக்கும் சத்தம்.

"யோவ், வயித்துவலின்னு படுத்த ஆளு இங்க இன்னா பண்ற?"

"சும்மா, காத்தாட."

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "லீஃப் மைனர் இந்த மாதிரி நேரா போவாது. குட்டிப் புழு உள்ள பூந்து மெல்லிசா ஆரம்பிக்கும். தின்னத் தின்ன அது பெருக்கும், கோடும் பெருக்கும். நீ ரோடு போட்டு வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "மெழுகுவத்திய குடு. கரண்ட்டு போனா வேணும்."

பாடம் நடத்தியதுகூடப் பரவாயில்லை. இலையை அவள் பார்க்கும்போது அதற்குள் புழு நடக்கிறது. நான் பார்க்கும்போது அளவுதான் தெரிகிறது. அந்தக் கேமராவுக்கும் அதுதான் தெரியும். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. பரங்கிக்காய்க் கூட்டு வேறு.

மறுநாள் வேலைக்குப் போனதும் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். என்னோடு லைனில் நிற்கும் கூட்டாளி ஒருவன் இருக்கிறான். மணிமங்கலத்துக்காரன், வாய் நீளம். அவனிடம், "எச்.ஆர்.ல நீ ஒரு வார்த்த சொல்லேன். கஸ்டமருங்க வந்து போற எடம். பூச்சி அடிச்ச இலைய வாசல்ல வெச்சா நம்ம குவாலிட்டியப் பத்தி இன்னா நெனைப்பாங்க?" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எந்த இலை?"

"பொதுவா சொல்றேன்."

"பொதுவாவா? உன் வூட்டம்மா வரைஞ்ச இலைதான? லைன் முழுக்கத் தெரியும் மாமே. எச்.ஆர்.ல எல்லாரும் அதப் போன்ல வெச்சிக்கினு கீறாங்க." பக்கத்து மெஷின்காரனைக் கூப்பிட்டான். "டேய், இங்க வா. ஆர்ட்டிஸ்ட்டு சொந்தப் பொண்டாட்டிக்கு ரிஜெக்ட் சீட்டு ஒட்டப் போறாராம்டா!"

அதோடு அந்த ஆயுதமும் போயிற்று. வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். தூரத்தில் அவர் நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கெட்ட செய்தி கொண்டுவருபவர்கள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். "சார், கங்கிராட்ஸ்! உங்க மிஸஸ்ஸோட படம் செலக்ட் ஆயிடுச்சு. உங்களுக்குத்தான சார் பெருமை!"

"ஆமா ஆமா" என்றேன். கேமராவுக்கு ஆட்டும் அதே தலையை ஆட்டினேன். உறவுக்காரர்கள் குழுவுக்கு என்ன எழுதுவது என்று சாயங்காலம்வரை யோசித்தேன். நான் எழுதுவதற்குள் அவள் எழுதிவிட்டாள்.

ஆயுத பூஜை அன்று திறப்பு. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், கேமராவுக்கும் ஒரு பொட்டு. குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, பொரி மடித்த பொட்டலத்தோடு சுற்றிச் சுற்றி வந்தன. என் மனைவி பட்டுப்புடவை. நான், என் படத்துக்காக என்று முன்பே வாங்கிவைத்த புதுச் சட்டை. மேடம் திரையை விலக்கினார்.

இலை சுவர் முழுக்க இருந்தது. எறும்பு எலி அளவு. பூவுக்குள் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம். கிழிந்த ஓரம் கிழிந்தபடியே பெரிதாகியிருந்தது. அந்த வெள்ளைக் கோடு கீழே தலைமுடி அளவில் தொடங்கி, வளைந்து வளைந்து, மேலே கை அகலத்துக்கு விரிந்து முடிந்தது. கூட்டம் பொரி மெல்வதை விட்டு அண்ணாந்து பார்த்தது. என் கையிலிருந்த பொரிப் பொட்டலத்தை நசுக்கிவிட்டிருந்தேன். அது முழுக்கப் பொறாமைதான் என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி. முழுக்க அது இல்லை. முக்கால்வாசி அது.

கூட்டாளிதான் வழக்கம்போல் தொடங்கிவைத்தான். பூஜையில் உடைக்க வைத்திருந்த வெள்ளைப் பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே துளை போட்டுக் குங்குமம் நிரப்பி, கற்பூரம் வைத்திருந்தது. "இம்மாம் பேரு பாத்துட்டாங்க. அண்ணிக்கும் படத்துக்கும் கண்ணு பட்டுடும். மாமே, நீயே சுத்திப் போடு!"

"நானா?"

"வூட்டுக்காரரு நீதான? வேற எவன் சுத்துவான்?"

கூட்டத்தில் அந்தக் காரியத்துக்குத் தகுதியில்லாத ஒரே ஆளின் கையில் பூசணிக்காயைக் கொடுத்தார்கள். அவளையும் சுவரையும் சேர்த்துச் சுற்றினேன். ஊர் கண்ணு, உறவுக் கண்ணு என்று வாய்விட்டுச் சொன்னேன். புருஷன் கண்ணு என்பதை மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். வாசலுக்கு வந்து ஓங்கித் தரையில் போட்டேன்.

உடையவில்லை. 'தொப்'பென்று விழுந்து, உருண்டு, பிளான்ட் ஹெட்டின் ஷூவுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"அடேங்கப்பா, எவனோ பயங்கரக் கொள்ளிக்கண்ணன் கீறான்!" என்று கூட்டாளி கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சத்தமாகச் சிரித்தேன். மறுபடியும் எடுத்துப் போட்டேன். ஒரு விரிசல், அவ்வளவுதான். பயந்துவிட்டேன். இது உடையாத ஒவ்வொரு தரமும் என் கண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்வதுபோல் இருந்தது. அடுத்த தரம் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, முழங்காலை மறந்து, போட்டேன். நாலாபுறமும் சிதறியது. குங்குமத் தண்ணீர் புதுச் சட்டையெல்லாம் தெறித்தது.

கூட்டம் சாப்பிட உள்ளே போனது. அவள் மட்டும் நின்று, முந்தானை நுனியால் என் காலரைத் துடைத்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"போச்சா?"

"இன்னாது?"

"அதான்யா. ஜன்னலாண்ட நின்னு பாத்தியே, அது. போச்சா?"

ஜன்னல்! பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். சட்டையில் இவ்வளவு குங்குமத்தோடு பொய் சொல்ல வரவில்லை.

"பாதி போச்சி."

"மீதி?"

"கீது."

"வெச்சிக்கோ" என்றாள். "நாளைக்கு லீவுதான. வேலியோரம் பாவக்காக் கொடி தானா மொளச்சிக் காச்சிக் கெடக்குது. ஆளுக்கொரு பக்கம் உக்காந்து வரையலாம். பறிக்கக் கூடாது. கழுவக் கூடாது. அளக்கக் கூடாது."

"அளக்காம எப்படி?"

"அப்ப தோத்துப் போ" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று படுத்தேன். எழுந்து போனபோது பிஞ்சுக்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பக்கத்தில் அவள் ஏற்கெனவே அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மிஞ்சிய பக்கத்தில் ஒரே ஒரு காய். அதுவும் பழுத்து, ஆரஞ்சு நிறத்தில் வெடித்து, தோல் மூன்றாகப் பின்னால் சுருண்டு, உள்ளே ரத்தச் சிவப்பில் விதைகள் தெரிய நின்றது. வேறு வழியில்லை. உட்கார்ந்து பார்த்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. வெர்னியரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சிவப்பிலிருந்து தொடங்கினேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொடி அசைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் இலைகளை விலக்கி என் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எட்டிப் பார்த்தாள். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, சிவப்பையே பார்த்தாள்.

நான் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டேன்.